மகளுக்குச் செல்லோ ஆசிரியர் தேடுகிறார் ஒரு அம்மா, கடைசி இரண்டு வரியில் தனக்கும்

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாகக் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள், சுமாரான ஆர்வம்தான். மூன்று மாதத்துக்கு முன் பள்ளி விழாவில் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் செல்லோ (உட்கார்ந்து கால்களுக்கு நடுவில் நிறுத்தி வில்லால் வாசிக்கும், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தவளுக்கு அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. தலையணையைக் காலிடுக்கில் நிறுத்திவைத்து ஸ்கேலால் இழுத்துக்கொண்டிருக்கிறாளாம். அம்மா விசாரித்ததில் மூன்று பேர் அகப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வயலின் ஆசிரியை. "இரண்டும் ஒரே குடும்பம்தானே, ஆரம்பத்துக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன்" என்கிறார். இன்னொருவர் இசைக்குழுவில் வாசிக்கும், பெயர் பெற்ற செல்லோ கலைஞர். ஒரு வருடக் கட்டணம் முன்கூட்டியே, சோதனை வகுப்பு கிடையாது, பெற்றோர் வெளியே காத்திருக்க வேண்டும். மூன்றாமவர் வேறு ஊரில் செல்லோவை முதன்மைப் பாடமாக எடுத்து இசைக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பெண். ஆன்லைனில் மட்டும், கட்டணம் குறைவு, குழந்தைக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. வாத்தியத்துக்குச் செலவில்லை, உறவினர் வீட்டு அலமாரியின் மேல் கிடந்த முழு அளவு செல்லோ ஒன்று கிடைத்திருக்கிறது, "வளர வளர சரியாகிவிடும்தானே?" என்கிறார். சொந்தக்காரர்கள் சிலர் ஒன்பது வயதே தாமதம் என்று பயமுறுத்துகிறார்கள். இவ்வளவும் எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே இரண்டு வரி: "எனக்கு 42 வயது. அவள் வகுப்பிலேயே பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொள்ள முடியுமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வயதை முடித்துவிடுவோம். ஒன்பது வயது தாமதமே இல்லை. செல்லோ வாசிக்கும் முறையையே பெருமளவு மாற்றிப்போட்ட பாப்லோ கசால்ஸ் அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தது பதினோரு வயதில்தான். (அதற்கு முன்பே பியானோவும் வயலினும் வாசித்துக்கொண்டிருந்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது எனக்குக் கடிதம் போடுவார்கள்.) இன்றைய புகழ்பெற்ற செல்லோ கலைஞர் யோ-யோ மா நான்கு வயதிலேயே தொடங்கிவிட்டார், அதுவும் உண்மைதான். இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொடுத்துவருகிறேன், ஐந்து வயதில் வந்து ஆறு வயதில் நின்றுபோன பிள்ளைகளும் உண்டு, பன்னிரண்டில் வந்து இன்றைக்கும் வாசிப்பவர்களும் உண்டு. உங்கள் பெண்ணுக்கு ஒரு சின்னச் சலுகையும் இருக்கிறது. செல்லோவுக்குப் பெரும்பாலும் பேஸ் கிளெஃப் என்னும், தாழ்ந்த ஸ்வரங்களுக்கான குறியீட்டில்தான் எழுதுவார்கள், கீபோர்டில் இடது கைக்கு வரும் அதே எழுத்து. அதனால் அந்த இரண்டு வருடம் வீண் என்று வருத்தப்படாதீர்கள்.

அடுத்தது அந்த அலமாரி செல்லோ. சட்டையைப் பெரிதாக வாங்கி மடித்துத் தைத்துப் போடலாம், செல்லோவில் அது நடக்காது. முழு அளவு செல்லோவின் உடல் மட்டுமே சுமார் 75 சென்டிமீட்டர் நீளம். ஒன்பது வயதுக் கை அதில் விரலை வைத்தால் சுண்டுவிரல் எட்டாது. எட்டவைக்க மணிக்கட்டு மடங்கும், தோள் தூக்கும், சுருதி விலகும், கொஞ்ச நாளில் அந்த விலகிய சுருதியே காதுக்குச் சரியென்று பழகிவிடும். இந்த வயதுக் குழந்தைகளுக்கு வழக்கமாகப் பொருந்துவது 1/2 அளவு, கொஞ்சம் சிறிய உடம்பென்றால் 1/4. உட்காரவைத்துப் பாருங்கள்: பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படிய வேண்டும், செல்லோவின் மேல் விளிம்பு நெஞ்செலும்பில் சாய வேண்டும், தடித்த தந்தியின் பிரடை (சுருதி சேர்க்கத் திருகும் முளை) இடது காதுக்குப் பின்னால் அருகே வர வேண்டும், இடது கையின் முதல் விரலும் (சுட்டுவிரல்) நாலாம் விரலும் (சுண்டுவிரல்) வலியில்லாமல் விரிய வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் அளவு மாறிவிடும் என்பதால் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். வாடகைக்குக் கொடுக்கும் பல இடங்களில் பெரிய அளவுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு, கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அலமாரி செல்லோ அப்படியே இருக்கட்டும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நடந்துபோகும் தூரத்து வயலின் ஆசிரியை

பக்கத்திலேயே இருக்கிறார், முகம் தெரிந்தவர், மழையென்றாலும் வகுப்பு நடக்கும். ஆசை வருவது இயல்பு. ஆனால் "ஒரே குடும்பம்" என்பதை நம்பி இறங்காதீர்கள். பார்க்க அண்ணன் தங்கை மாதிரி இருந்தாலும் கைக்கு இரண்டும் வேறு வேறு ஊர். செல்லோவின் தந்தி வயலினைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் நீளம். அதனால் வயலினில் அடுத்தடுத்த விரல்களுக்கு இடையே ஒரு முழு ஸ்வரம் சாதாரணமாக விழும். செல்லோவில் அரை ஸ்வரம்தான் விழும், உங்கள் மகளின் கீபோர்டு கணக்கில் சொன்னால் கறுப்பையும் சேர்த்து அடுத்த கட்டை. முழு ஸ்வரம் வேண்டுமென்றால் கையை நீட்டித் திறக்கும் ஒரு தனி உத்தி இருக்கிறது, அதைத் தப்பாகக் கற்றால் கட்டைவிரல் செல்லோவின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். வில்லும் அப்படித்தான். வயலினில் வில் தந்தியின் மேல் உட்கார்ந்திருக்கும், அதன் எடையைத் தாங்கிப்பிடிக்கச் சுண்டுவிரல் குச்சியின் மேல் வளைந்து நிற்கும். செல்லோவில் தந்தி கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்பதால் வில் தானாக அமராது, முதுகிலிருந்தும் தோளிலிருந்தும் கையின் எடையை அதற்குள் அனுப்ப வேண்டும், சுண்டுவிரலும் பக்கவாட்டில் தொங்கும். பிற்பாடு கட்டைவிரலையே தந்தியின் மேல் கொண்டுவந்து அழுத்தும் நிலை ஒன்று வரும், வயலின்காரர்களுக்கு அது வேண்டியதே இல்லை.

இரண்டு வருடம் இப்படி "ஆரம்பத்துக்கு மட்டும்" கற்றுவிட்டு ஒரு பையன் என்னிடம் வந்தான். பாட்டெல்லாம் வாசித்தான், கெட்டிக்காரன். இடது கட்டைவிரலை மட்டும் கொறடு மாதிரி வைத்திருந்தான். அதைத் தளர்த்தவே எட்டு மாதம் பிடித்தது, அந்த எட்டு மாதமும் அவனுக்குப் புதுப் பாட்டு கிடையாது, பாதி நாள் அழுதான். சொல்லிக்கொடுத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை, தெரிந்ததைத்தான் கொடுத்திருக்கிறார். ஆரம்பம் என்பதாலேயே யாரிடம் வேண்டுமானாலும் விடலாம் என்று நினைக்கிறோம், எனக்கு அது தலைகீழாகத்தான் படுகிறது. கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை சுமாரான ஆசிரியரைத் தாங்கிக்கொள்ளும், முதல் வருடப் பிள்ளையால் முடியாது.

ஒரு விதிவிலக்கு. வயலினோடு செல்லோவும் முறையாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். இவர் அப்படியா என்று கண்டுபிடிப்பது சுலபம்: "டீச்சர், நீங்கள் செல்லோவில் ஏதாவது ஒன்று வாசித்துக் காட்ட முடியுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வாத்தியம் இப்போது கையில் இல்லை என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

இசைக்குழுக் கலைஞர்

இவர் கச்சேரியில் வாசித்ததைக் கேட்டுக் கண் கலங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் தப்பில்லை, ஆனால் உங்களைக் கலங்கவைத்தது அவருடைய வாசிப்பு. ஒன்பது வயதுப் பிள்ளையை வாசிக்கவைப்பது வேறு தொழில். நன்றாக வாசிப்பவர்களில் அருமையாகச் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு, தனக்கு எப்படி வந்தது என்றே மறந்துபோனவர்களும் உண்டு, பெயரைப் பார்த்து அதைப் பிரிக்க முடியாது. கசால்ஸ் படித்த காலத்தில் வில் பிடிக்கும் கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்று மாணவர்களின் அக்குளில் புத்தகத்தை இடுக்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் அந்தக் காலத்துப் பெரிய வித்வான்கள்தான். கையை விடுவித்துப் பார்த்தது சின்னப் பையனாக இருந்த கசால்ஸ்.

அதனால் இவரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: ஒன்றுமே தெரியாத ஒரு குழந்தைக்குக் கடைசியாக எப்போது சொல்லிக்கொடுத்தீர்கள், அந்தக் குழந்தை இப்போது என்ன செய்கிறது? பெருமையாக இரண்டு மாணவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நல்லது. தன் கச்சேரிகளைப் பற்றியே பேசினால் அதுவும் ஒரு பதில்தான்.

அவர் போட்ட மூன்று நிபந்தனைகளில் எதுவும் எனக்குச் சம்மதமில்லை. அதிலும் குழந்தை உள்ளே, நீங்கள் வெளியே என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் சில பிள்ளைகளின் கவனம் சிதறும், அதை நானும் பார்த்திருக்கிறேன், "அம்மா, கொஞ்சம் பின்னால் உட்காருங்கள்" என்று நானே சொன்னதும் உண்டு. பின்னால் உட்காருவதும் கதவுக்கு வெளியே நிற்பதும் ஒன்றாகாது.

ஆன்லைனில் வரும் பெண்

இவரைப் பற்றிக் கடிதத்தில் பயந்து பயந்து எழுதியிருக்கிறீர்கள், எனக்கு இவரிடம்தான் அதிக நம்பிக்கை. செல்லோவை முறையாகப் படிக்கிறார், தான் தடுமாறியது இன்னும் ஞாபகத்தில் இருக்கும் வயது, பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது. இன்னும் பட்டம் வாங்கவில்லை என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அவருடைய ஆசிரியர் யார், தான் சொல்லிக்கொடுப்பதை அவ்வப்போது அந்த ஆசிரியரிடம் கேட்டுக்கொள்கிறாரா என்று விசாரியுங்கள்.

சிக்கல் திரையில் இருக்கிறது. ஒலி போய்ச்சேரச் சற்றுத் தாமதமாவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது, சேர்ந்து வாசிப்பது ஆரம்பக்காரக் காதுக்குப் பெரிய மருந்து. பேச்சுக்காகச் செய்த செயலிகள் நீண்டு ஒலிக்கும் செல்லோ ஸ்வரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும், அமைப்பில் போய் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கையைத் தொட்டு "இவ்வளவுதான் எடை, இப்போ தெரியுதா?" என்று காட்ட முடியாது. முதல் ஆறு மாதத்தில் நான் வாயால் சொல்வதைவிடக் கையால் காட்டுவது அதிகம். நாற்காலி உயரம், கீழே நீட்டும் கம்பியின் நீளம், முதுகு எல்லாம் ஒரு கோணத்து கேமராவில் தெரியாது.

ஆகவே என் யோசனை, இருவரையும் சேர்த்துக்கொள்ள முடிகிறதா பாருங்கள். இசைக்குழுக் கலைஞரிடம் வருடக் கணக்கு பேசாமல், மாதம் ஒரு தனி வகுப்பு, அந்த வகுப்புக்கு மட்டும் கட்டணம், நீங்கள் அறையில் இருப்பீர்கள் என்று கேளுங்கள். நேரமில்லாத கலைஞர்களுக்கு இது வசதியாகவே இருக்கும். ஒத்துக்கொண்டால் உட்காருவதையும் கையையும் அவர் நேரில் திருத்தட்டும், வாரா வாரம் அந்தப் பெண் ஆன்லைனில் நடத்தட்டும், இருவருக்கும் மற்றவர் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். ஒளித்துவைத்தால் வில்லை எப்படிப் பிடிப்பது என்பதில் குழந்தை இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், மூன்று பேரோடு உலகம் முடிந்துவிடவில்லை. பல்கலைக்கழக இசைத் துறை, இளையோர் இசைக்குழு, பள்ளி விழாவில் வாசித்தானே அந்தப் பையன். அவன் யாரிடம் படிக்கிறான் என்று கேட்டீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அந்த வரி இல்லை.

முதல் வகுப்பில் எதைப் பார்ப்பது

யாரானாலும் ஒரு சோதனை வகுப்பு வேண்டும். அதற்குக் கட்டணம் கேட்டால் கொடுங்கள், அது நியாயம். நீங்கள் மூலையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள்.

நல்ல ஆசிரியர் பெரும்பாலும் நாற்காலியில் தொடங்குவார். கைப்பிடி இல்லாத, இருக்கை சமமான நாற்காலி, குழந்தையின் முழங்கால் உயரத்துக்கு. கம்பி வழுக்காமல் தரையில் எதையாவது போடுவார். அதற்குப் பிறகுதான் வாத்தியம். குழந்தையைப் பார்த்துப் பேசுகிறாரா, அவளுக்குப் போட வேண்டிய கேள்வியை உங்களிடம் கேட்கிறாரா என்று கவனியுங்கள். முதல் நாளே ஏதோ ஒரு சத்தம் அவள் கையால் வரவேண்டும், விரலால் தந்தியை மீட்டியாவது. அரை மணி நேரமும் வாத்தியத்தின் பாகங்களுக்குப் பெயர் சொல்லிக்கொடுத்தே கழிந்தால் அவருக்குக் குழந்தைகள் பழக்கமில்லை. தவறு வரும்போது ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்கிறாரா, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற நாலை இன்றைக்கு விட்டுவிடுகிறாரா? ஐந்தையும் சொல்பவருக்குக் காது நல்ல காதுதான், பொறுமை இல்லை. தன் வாத்தியம் பக்கத்தில் இருக்கிறதா, எடுத்து வாசித்துக் காட்டுகிறாரா? தொட்டுத் திருத்துமுன் "கையைப் பிடிக்கட்டுமா?" என்று கேட்கிறாரா? முடியும்போது வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுக்கிறாரா, வெறுமனே "பிராக்டிஸ் பண்ணு" என்று அனுப்புகிறாரா?

வெளியே வந்ததும் மகளிடம் "பிடிச்சிருந்ததா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வாள், மூன்று மாதமாகத் தலையணையோடு இருப்பவள். "அவர் சொன்னதை எனக்குச் செய்து காட்டு" என்று கேளுங்கள். அவளால் காட்ட முடிந்தால் வகுப்பு நடந்திருக்கிறது.

கிரேடு தேர்வில் எத்தனை மாணவர்கள் எத்தனையாவது நிலை என்று சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எட்டு நிலைகள் கொண்ட அந்தத் தேர்வுகள் ஒரு நல்ல அளவுகோல்தான், சில பிள்ளைகளுக்கு உந்துதலும்கூட. ஆனால் வருடம் முழுக்கத் தேர்வுக்கான மூன்று பாட்டை மட்டுமே அரைத்து அடுத்த நிலைக்குத் தள்ளும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தேர்வுப் பாட்டு தவிர இந்த வருடம் வேறு என்ன வாசித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பணம், பாதுகாப்பு

ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். யாருக்குமே. மாதக் கட்டணமோ பத்து வகுப்புக்கான கட்டணமோ போதும். ஆசிரியருக்கும் வயிறு இருக்கிறது, நீங்கள் கடைசி நிமிடத்தில் வராமல் போனால் அவருடைய அந்த மணி நேரம் போனதுதான், அதனால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லாவிட்டால் கட்டணம் உண்டு என்பது நியாயமான விதி. அவர் வராவிட்டால் என்ன, பாதியில் நின்றால் மீதிப் பணம் எப்போது வரும், விடுமுறை மாதம் கணக்கில் சேருமா, இந்த மூன்றையும் பேசி முடித்து ஒரு செய்தியாகவாவது அனுப்பிச் "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத்தாள் ஒப்பந்தமெல்லாம் வேண்டியதில்லை; பின்னால் தகராறு வந்தால் அந்தச் செய்தியே பெரிய உதவி. ஏற்கெனவே பெரிய தொகை கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் ரசீதையும் பேசியதையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் குறைகளைக் கேட்கும் அமைப்பையோ ஒரு வழக்கறிஞரையோ பார்க்கலாம், உங்களுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை.

ஆசிரியரே வாத்தியம் விற்றால் அல்லது ஒரே ஒரு கடைக்குப் போகச் சொன்னால், "உங்களுக்கு அதில் ஏதாவது கிடைக்குமா?" என்று நேராகக் கேட்பதில் குற்றமில்லை. சில கடைகள் ஆசிரியர்களுக்குக் கமிஷன் கொடுப்பதுண்டு. அதை மறைக்காமல் சொல்பவரை நம்பலாம்.

குழந்தையின் பாதுகாப்பில் நான் பிடிவாதக்காரன். நீங்கள் பார்க்கும்படி அல்லது கேட்கும்படி வகுப்பு நடக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், ஆசிரியரின் செய்திகள் குழந்தையின் போனுக்குப் போகாமல் உங்களுக்கே வரவேண்டும், ஆன்லைன் வகுப்பைப் பதிவு செய்தால் அந்தப் பதிவு யாரிடம் இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். செல்லோ இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து வாசிக்கும் வாத்தியம், உடம்பைத் திருத்தித்தான் ஆகவேண்டும்; அதனாலேயே எங்கே தொடலாம், கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பதைக் குழந்தைக்கு முன்பே சொல்லிவையுங்கள். குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்குப் பின்னணிச் சரிபார்ப்புச் சான்று தரும் வழக்கம் நீங்கள் இருக்கும் இடத்தில் இருந்தால் அதையும் கேளுங்கள். இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று தயங்குகிறீர்கள். என்னிடம் கேட்ட அம்மாக்கள் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது.

அப்புறம், நீங்கள்

நான்கு பக்கத்தில் மகளுக்காக மூன்றே முக்கால் பக்கம், உங்களுக்கு இரண்டு வரி, அதிலும் கூச்சம். 42 வயதில் தொடங்கலாமா என்றால், தாராளமாக. என்னிடம் வேலை ஓய்வுக்குப் பிறகு தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு விஷயம் சீக்கிரம் புரியும், எதற்காக ஒரு பயிற்சி என்று தெரிந்து செய்வார்கள். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. நல்ல இசையை எத்தனையோ வருடம் கேட்ட காது, தன் கையிலிருந்து வரும் சத்தத்தைத் தாங்காது. குழந்தை தன் கிறீச் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கும், பெரியவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். முதல் வருடம் அப்படித்தான் போகும்.

வலியைப் பற்றி ஒன்று, ஏனென்றால் பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பார்கள். முதல் சில வாரம் விரல் நுனி எரிவது சகஜம். கட்டைவிரல் அடி, மணிக்கட்டு, தோள், இடுப்பு வலித்தாலோ விரல் மரத்துப்போனாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள், ஓய்வெடுத்தும் போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். "வலிக்காமல் வராது" என்று சொல்லும் ஆசிரியரிடமிருந்து நீங்களும் உங்கள் மகளும் விலகிவிடுவது நல்லது.

அவள் வகுப்பிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கற்கலாமா? இதற்கு இரண்டு பதில். ஷினிச்சி சுசூகி என்ற ஜப்பானிய வயலின் கலைஞர் உருவாக்கிய முறையில் அம்மாவோ அப்பாவோ வகுப்பில் இருந்து குறிப்பெடுப்பார்கள், பிள்ளைக்கு முன்பாகவே கொஞ்சம் வாசிக்கக் கற்றுக்கொள்வதும் உண்டு. அந்த வழியில் பயிற்சி பெற்ற செல்லோ ஆசிரியர் கிடைத்தால் உங்கள் கூச்சத்துக்கு வேலையே இல்லை. மற்றபடி, அவளுடைய அரை மணி நேரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் விரல் அவளைவிட முதலில் ஓடினால் அவள் சுருங்குவாள், அவள் உங்களை முந்தினால் (முந்துவாள்) நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். உங்களுக்குத் தனி வகுப்பு வேண்டும், முடிந்தால் வேறு நாள், பதினைந்து நாளுக்கு ஒரு முறை முக்கால் மணி நேரமானாலும் போதும். அந்த ஆன்லைன் பெண் உங்களுக்கும் சொல்லிக்கொடுப்பாரா என்று கேளுங்கள், பெரியவர்களை எடுப்பாரா என்று முதலில் கேளுங்கள், சிலர் எடுப்பதில்லை. "குழந்தைக்காகத்தான் வந்தேன், நானும் சும்மா" என்று சொல்லித் தொடங்கினால் அவரும் சும்மாதான் சொல்லிக்கொடுப்பார். "நான் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொல்லுங்கள்.

வீட்டில் பழகுவது மகளுக்கு ஆரம்பத்தில் தினமும் பதினைந்து இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் என்பது கணக்கில் சேராது. உங்களுக்கும் அதேதான், அவள் தூங்கிய பிறகு வாசித்தால் அக்கம்பக்கத்துக்கு அதிகம் கேட்காமலிருக்கப் பிரிட்ஜில் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) மாட்டும், சத்தத்தைக் குறைக்கும் கனமான ரப்பர் மியூட் உதவும்.

இப்போது அலமாரி செல்லோ. தூக்கும்போது உள்ளே ஏதோ உருளுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும் சின்ன மரக்குச்சி அது, பசை போட்டு ஒட்டியிருக்க மாட்டார்கள், தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். விழுந்துவிட்டிருக்கிறது. தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்க முயலாதீர்கள், முட்டு இல்லாமல் இழுவை ஏறினால் மேல்பலகை விரிசல் விட்டுவிடும். தந்தி இன்னும் விறைப்பாக இருந்தால் நாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டு, தந்தி வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். போனதும் இன்னொன்றும் விசாரியுங்கள்: இந்தப் பக்கத்தில் யாருடைய மாணவர்களின் செல்லோக்கள் ஒழுங்கான நிலையில் உங்களிடம் வருகின்றன? ஆசிரியர்களைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர்கள் குறைவு, நீங்கள் பார்க்காத நாலாவது பெயர் அங்கேதான் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. செலவு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, பலகையில் விரிசலோ கழுத்தில் பிளவோ இல்லையென்றால் சரிசெய்யக் கொடுத்துவிடுங்கள். உங்கள் உயரம் ஐந்தேகால் அடி என்று எழுதியிருக்கிறீர்கள். முழு அளவு உங்களுக்குச் சரியாக இருக்கும்.